அவங்க அம்மா வந்தாங்களா, சார்?

தம்பி,

உன் இன்லண்டு கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. "ஆமான்னோ இல்லன்னோ ஒரு வரி எழுதிப் போட எவ்ளோ நேரம்?" என்று உன் அம்மா தினமும் காலையில் கேட்கிறாள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. மின்துறையில் இருபது வருஷம் கம்பத்தடியில் நின்றவன் நான். லைனில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போய்விடுவேன். நீ கேட்டதும் அப்படி ஒரு வார்த்தையில் முடிகிற கேள்விதான். திருபுவனைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். ஹிட்லரின் முகாமுக்குப் போய் உயிரோடு திரும்பிய அந்த யூதப் பெண்மணி எழுதிய புத்தகத்தை உன் பத்தாம் வகுப்புக்குப் படித்துக் காட்ட நினைக்கிறாய். நான் ஒரு காலத்தில் பாகூர்ப் பக்கம் அதை நடத்தினேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். "பிள்ளைகள் தாங்குவார்களா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தையில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று இன்லண்டு கெட்டுப்போயிற்று. அதனால் வெள்ளைத்தாள் வாங்கி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, உன்னைவிட ஒன்று கூட. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு எப்போதும் ஆகாது. பாகூர்ப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பௌதிக ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். தை மாதம் ஆங்கில ஆசிரியை பிரசவத்துக்குப் போய்விட்டார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் படித்த எங்கள் தலைமையாசிரியர் எல்லோரையும் பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி 'முசே' என்றுதான் கூப்பிடுவார். "முசே, உமக்கு இங்கிலீஷ் வருமில்ல? பதினொன்னாங் கிளாஸ எடுத்துக்கும்" என்றார். அப்போது பதினொன்றுதான் பள்ளியின் கடைசி வகுப்பு, பொதுப் பரீட்சை அதில்தான். பாடப்புத்தகம் போக வாரத்துக்கு இரண்டு பீரியட் நடத்த ஒரு சிறிய ஆங்கிலப் புத்தகத்தையும் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கே அந்த ஒரு பிரதிதான். "இதுங்க பாஸ் பண்றதுக்கு மட்டும் படிக்குதுங்க. உலகத்துல இன்னா நடந்ததுன்னும் கொஞ்சம் தெரியட்டும்" என்றார். நான் அன்று ராத்திரி ஒரே மூச்சில் படித்துவிட்டேன். பதினேழு வயதுப் பெண் ஒருத்தியும் அவள் அம்மாவும் மாடு ஏற்றுகிற ரயில் பெட்டியில் அடைக்கப்பட்டு முகாமுக்குப் போகிறார்கள். இறங்கின இடத்திலேயே அம்மாவை இடது பக்கம் போகச் சொல்கிறார்கள், மகளை வலது பக்கம். இடது பக்கம் போனவர்களை விஷப்புகை அறைக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய மகள், அம்மாவின் கம்பளிச் சால்வையை எடுத்துக்கொண்டு தினமும் ரயில் நிலையத்துக்குப் போய் நிற்கிறாள். பாதிப் புத்தகம் முகாம், மீதிப் பாதி அந்தக் காத்திருத்தல்.

இதை எப்படி நடத்துவது என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்குத் தெரிந்தது மோட்டார் படம் போடுவது, அதே மாதிரி நடத்தினேன். கரும்பலகையில் தண்டவாளம் போட்டேன், நடைமேடை போட்டேன். இங்கே பெட்டி நிற்கிறது, யார் எந்தப் பக்கம் என்று பிரிக்கிற டாக்டர் இங்கே நிற்கிறான், இந்த அம்புக்குறி இடது, இந்த அம்புக்குறி வலது. வாசிப்பது ஆங்கிலம், விளக்குவது தமிழ். கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகளும் நெல் வயல் பிள்ளைகளும்தான் வகுப்பில் அதிகம். முதல் நாள் யாருமே நம்பவில்லை. கோதண்டம் என்று ஒரு பையன், வாய் சும்மா இருக்காது. "சார், வெள்ளக்காரன் வெள்ளக்காரனையே கொல்லுவானா சார்?" என்றான். கொன்றான் என்றேன். "எதுக்கு சார்?" அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் அந்த வயதில் வரவில்லை. "உட்கார்ரா, அடுத்த பக்கம் போகலாம்" என்றேன். உனக்கு முதல் நாளே இந்தக் கேள்வி வரும். உனக்கும் தெரியாது என்றே சொல்லிவிடு, பிள்ளைகள் மதிப்பார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து வகுப்பில் ஒரு சத்தம் கிடையாது. கோதண்டமே பக்கத்தில் இருந்தவனை "வாய மூடுறா, சாவடிச்சிடுவேன்" என்று அதட்டினான். நான் நன்றாக நடத்துகிறேன் என்று எனக்குப் பெருமை.

பெண்கள் பெஞ்சில் செங்கேணி என்று ஒருத்தி. கடலோரத்தில் நல்லவாடு என்ற ஊரின் மீனவப் பெண். அந்தக் காலத்தில் அங்கிருந்து பதினொன்றாம் வகுப்புவரை வந்த பெண் அவள் ஒருத்திதான். பாகூரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள், சனி ஞாயிறில் ஊருக்குப் போவாள். அவள் அம்மா அஞ்சலை கூடை சுமந்து வந்து பாகூர்க் கடைத்தெருவில் மீன் விற்றாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மேலே தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவில்லை. அந்த ரயில் நிலைய அத்தியாயம் நடத்தின அன்று செங்கேணி எழுந்து நின்றாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை. "சார், அவங்க அம்மா பேரு எந்த லிஸ்ட்லயும் இல்லன்னு இருக்குதே. அப்ப செத்துட்டாங்கன்னு எப்பிடி சார் தெரியும்?" நல்ல கேள்வி என்று தோன்றியது, பௌதிகத்தில் கேட்கிற மாதிரி. நானும் அப்படியே பதில் சொன்னேன். "லிஸ்ட் எதுக்கும்மா? இடது பக்கம் போனவங்க யாரும் திரும்பல. போன எடம் தெரியுது, போய் எத்தன வருஷம் ஆச்சுன்னு தெரியுது. பொணத்தப் பாத்தாதான் சாவுன்னு இல்ல. கணக்குப் போட்டாலே போதும்."  அவள் உட்கார்ந்தாள். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் கோதண்டம் பின்னாலேயே ஓடி வந்தான். "சார், அது அப்பா கடலுக்குப் போயி வரல சார். அஞ்சு வருசம் ஆச்சு. பொணம் கெடைக்கல." எனக்குக் கோபம்தான் வந்தது. முன்னாலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் அஞ்சலை பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் பூசின தாலிக்கயிறு, இடுப்பில் காலிக் கூடை. வாட்ச்மேன் உள்ளே விடமாட்டேன் என்கிறான், அவள் அவனைப் பிடித்து ஏசிக்கொண்டிருக்கிறாள். நான் போனதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீதான் செத்தவங்களுக்குக் கணக்குப் போடற வாத்தியாரா?" என்றாள். "மீச கூட சரியா மொளைக்கல." கோபமாக வந்தவள் இப்படித்தான் பேசுவாள் என்று விட்டுவிட்டேன். ஆய்வுக்கூடத்துத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே உட்கார்ந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. சனிக்கிழமை ஊருக்கு வந்த மகள், அப்பா இல்லை என்று ஊர்த் தலைவர் நாட்டாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்று நிற்கிறாளாம். "சாரு கணக்குப் போட்டுக் காட்டினாரும்மா, நீ எதுக்கும்மா உன்ன ஏமாத்திக்கினு இருக்கற" என்று அழுகிறாளாம்.

அவர்கள் ஊர் வழக்கத்தை அவள்தான் எனக்கு விளக்கினாள். கடலுக்குப் போய் உடம்பு கரை சேராதவனுக்கு ஊர் தானாகக் காரியம் செய்யாது. பெண்டாட்டியோ பெற்ற பிள்ளையோ நாட்டாரிடம் போய், வாயைத் திறந்து 'அவர் இல்லை' என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரை அவன் கடலில் இருக்கிறான், அவள் சுமங்கலி. சொல்லிவிட்டால் வைக்கோலில் ஆள் கட்டி, அவன் சட்டையைப் போட்டு எரிப்பார்கள், தாலி இறங்கும். தாலி இறங்கினவள் ஒரு வருஷம் வாசற்படி தாண்டக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு, "வேற கொழந்த குட்டி இல்ல, மாமனாரு கண்ணு தெரியாதவரு. நான் வூட்ல குந்திக்கினா கூடய யாரு சார் தூக்கறது? இவதான் தூக்கணும். பரீச்சைக்கு ரெண்டு மாசந்தான் இருக்குது" என்றாள். எனக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது. "அப்ப அவர் வரமாட்டார்னு உங்களுக்கு..." என்று இழுத்தேன். "எனக்குத் தெரியாதா சார்? அன்னிக்கி அடிச்ச காத்துல ஒத்த ஆளா போனாரு. படுக்கறப்ப தெனம் சொல்லிக்கிறேன், பூட்டாரு பூட்டாருன்னு. காலையில எழுந்து பொட்டு வெச்சிக்கிறேன். ஊர்ல பொம்பளைங்க சிரிக்கிறாளுங்க, கிறுக்கிங்கறாளுங்க. சிரிச்சிட்டுப் போட்டும். எம்பொண்ணு பரீச்ச எழுதிட்டா நானே போயிச் சொல்லிட்டு வந்துடுவேன்."

இதை மகளிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். கேட்கிறவன் எவனும் அதைத்தான் கேட்பான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிப்புடாத சாமி. எனக்காவ ஆத்தா இந்த வேசம் போடறான்னு தெரிஞ்சா இன்னிக்கே கூடயத் தூக்கிடும். அது அப்பங்காரன் மாதிரி." பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். "அந்தப் புக்குல அந்தம்மா வந்துட்டாங்கன்னு சொல்லு. வேறெதுவும் வேணாம். லேட்டா வந்தாங்க, எங்கியோ ஆஸ்பத்திரில கெடந்தாங்கன்னு சொல்லு. ரெண்டு மாசம் எம்பொண்ணு நம்பினு இருக்கட்டும்." பொய் சொல்லச் சொல்கிறீர்களா, அது நடந்த கதை, அதை எழுதின பெண் உயிரோடு இருக்கிறாள் என்றேன். "எங்க இருக்கா? சீமையிலதான? அவளுக்குத் தெரியவா போவுது? தெரிஞ்சாதான் இன்னா, அவ ஆத்தா வந்தான்னு யாராச்சும் ஒருத்தரு சொன்னா அவளுக்கும் சந்தோசந்தான?" பதில் கிடைக்குமா என்று என் முகத்தையே பார்த்தாள். யோசிக்கிறேன் என்றேன். கூடையை எடுத்துக்கொண்டு போனாள், தாழ்வாரம் முழுக்க மீன் வாசனை.

தம்பி, நீ இலக்கியம் படித்தவன், என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. நான் முதலில் செய்தது தப்பித்துக்கொள்வது. அந்த வாரம் இரண்டு பீரியடும் புத்தகத்தை எடுக்கவில்லை, இலக்கணம் நடத்தினேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "முசே, அந்தப் பொண்ண பரீட்சை எழுத வெக்கிறது நம்ம கையில இருக்கு. அந்தப் பொஸ்தகத்துல இருக்கறத மாத்தறது நம்ம கையில இல்ல" என்றார். அந்த அம்மா வந்தாள் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நானும் பலமுறை யோசித்தேன். ஒரு வார்த்தை. அதுவும் ஒரு பெண் படிப்பதற்காக, இரண்டே மாதத்துக்கு. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்கலத்தின் முனைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். செங்கேணி வாசலில் வந்து நின்றாள். ஊருக்குப் போகிற பையைக் கையில் வைத்திருந்தாள். "சார், மீதிக் கதைய நீங்க நடத்தவே இல்ல" என்றாள். நேரமில்லை, பரீட்சை வருகிறது என்றேன். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும் சார். அவங்க அம்மா வந்தாங்களா சார்?" வந்தார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் எனக்கு நீதி நியாயம் எதுவும் தோன்றவில்லை. நான் நினைத்தது அந்தப் புத்தகத்தை எழுதின பெண்ணை. அவள் அந்தச் சால்வையோடு எத்தனை நாள் நின்று, கடைசியில் வரவில்லை என்று ஒரு வரி எழுத எவ்வளவு பட்டிருப்பாள். அவள் அம்மாவைக் கொன்றவர்கள் அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாமல் செய்யத்தான் பெயர்கூடப் பதியாமல் அனுப்பினார்கள். பாகூரில் உட்கார்ந்துகொண்டு அவள் சாவை மறைக்க நானும் ஒரு கை கொடுப்பதா? "இல்லம்மா, வரல" என்றேன். "சரி சார்" என்றாள். வாசலிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். நான் மின்கலத்தை எடுத்து மறுபடியும் சுரண்ட ஆரம்பித்துவிட்டேன். தலையைத் தூக்கினபோது அவள் போயிருந்தாள்.

மறுநாள் அவள் நாட்டாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அந்த வாரமே காரியம் முடிந்தது. நானும் தலைமையாசிரியரும் சைக்கிளில் நல்லவாடு போனோம், பரீட்சை முடிகிறவரையாவது அஞ்சலையை வெளியே விடச் சொல்லிக் கேட்க. படகுகள் இழுத்துவிட்டிருந்த மணலில் நாட்டார் எங்களை உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க படிச்சவங்க, கேட்டுட்டீங்க. இவளுக்கு ஒண்ணு, நாளைக்கி இன்னொருத்திக்கு ஒண்ணுன்னு நாங்க சொல்ல முடியுமா? அந்தப் பொண்ணு வாயால சொல்லுச்சு. நாங்களா கேட்டோம்?" என்றார். திரும்புகிற வழியில் அஞ்சலை வீட்டு வாசலில் நின்றோம். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "வெயில்ல வந்திருப்பாங்க. தண்ணி குடுத்து அனுப்புங்க." என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருக்கலாம்.

பங்குனியில் மற்றவர்கள் பரீட்சை எழுதினார்கள். எனக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. பாகூரை விட்டுக் கிளம்புகிற அன்று கடைத்தெருவில் செங்கேணியைப் பார்த்தேன். தரையில் கோணிபோட்டு மீனைப் பரப்பியிருந்தாள். குரல் கொடுத்து விற்க இன்னும் பழகவில்லை, பக்கத்துக் கிழவி அவளுக்கும் சேர்த்துக் கூவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்கிற மாதிரியே. "அம்மா எல்லாம் சொல்லிடுச்சு சார். தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டேன்." எனக்குத் தெரியும், உன் அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள் என்றேன். "அதுவும் தெரியும் சார்." ஒரு அம்மாள் வந்து சங்கரா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னாடி இது, நேத்து மீனா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். செங்கேணி அதைக் காதில் வாங்கவில்லை. "சார், கடைசிப் பாடம் நான் இல்லியே. அந்தப் பொண்ணு அப்புறம் இன்னா ஆனாங்க?"

நின்றுகொண்டே சொன்னேன். அவர்கள் மதத்துப் பெரியவரிடம் போய், இறந்த நாள் தெரியாத அம்மாவுக்கு எந்த நாளில் விளக்கேற்றுவது என்று அவள் கேட்கிறாள். நீயே ஒரு நாளை எடுத்துக்கொள் என்கிறார் அவர். நடைமேடையில் அம்மாவைக் கடைசியாகப் பார்த்த நாளையே எடுத்துக்கொண்டு வருஷா வருஷம் விளக்கேற்றுகிறாள். ரயில் நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாள். "நிறுத்தியிருக்க மாட்டாங்க சார். போயிருப்பாங்க, எழுதியிருக்க மாட்டாங்க" என்றாள் செங்கேணி. பிறகு, போரினால் விட்டுப்போன பள்ளிக்கூடப் பரீட்சையை அவள் திரும்ப எழுதித் தேறினாள் என்று சொன்னேன். செங்கேணி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே, "அப்ப அவங்களுக்கு இன்னா வயசு சார்?" என்றாள். இருபத்து மூன்று என்றேன், அப்படித்தான் புத்தகத்தில் இருந்தது. "அப்ப எனக்கு நேரம் இருக்குது" என்று சிரித்தாள். போனவளைக் கூப்பிட்டு, "எம்மா, நேத்து மீனு இல்லம்மா, வா, செவுளத் தூக்கிப் பாரு" என்று சத்தம் போட்டாள். அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாகச் சத்தம் போட்டாள் என்று பக்கத்துக் கிழவி சொன்னாள்.

நடத்து, தம்பி. பிள்ளைகள் தாங்குவார்கள். புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் உன் வகுப்பில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு தடவை போய்விட்டு வா. போய் எதையும் போதிக்காதே, கொடுக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டு, பேசுகிறதைக் கேட்டுவிட்டு வா. அந்தக் கேள்வியை உன்னிடமும் யாராவது கேட்பார்கள், வேறு வார்த்தையில் கேட்பார்கள். இல்லை என்றுதான் நீயும் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டுக் கையில் இருக்கிற வேலையைப் பார்க்காதே, கேட்ட பிள்ளை போகிறவரை அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிரு.

இங்கே இன்னொன்றும் எழுத வேண்டும். செங்கேணி இருபத்து மூன்று வயதில் பரீட்சை எழுதித் தேறினாளா என்று நீ கேட்பாய். நான் விசாரித்தேன். எழுதவில்லை. அம்மாவின் வருஷம் முடிந்த கையோடு நரம்பை என்ற பக்கத்து மீனவ ஊரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கூடை அவளை விடவில்லை. எழுதினாள், தேறினாள், இப்போது எங்கேயோ டீச்சராக இருக்கிறாள் என்று முடித்திருந்தால் நீ தைரியமாக வகுப்புக்குப் போவாய், எனக்கும் தூக்கம் வரும். பெற்ற தாய் கையைப் பிடித்துக் கேட்டும் அவள் மகளுக்கு நான் சொல்லாத பொய்யை, என் மகனுக்கு மட்டும் எப்படிச் சொல்வேன்?

அப்பா